பச்சை இருக்கா?

பவளமல்லியைக் கவாத்து செய்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாசி பாதி போய்விட்டது. இப்போது வெட்டினால்தான் சித்திரை மழைக்குப் புதுக்கொப்பு கிளம்பும். எழுதியும் விடுவேன். அதற்கு முன்னால், நேற்று சாயங்காலம் கல்யாண லெட்டர் கொடுக்க வந்த அத்தானைப் பற்றி நாலு வரி சொல்லிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் கவாத்து பற்றி எழுதவேண்டிய இடத்தில் கொலை பற்றி எழுதிவிடுவேன்.

அத்தான் வந்தார். கேட்டைத் திறந்தார், சாத்தவில்லை. முற்றத்தில் மதிலை ஒட்டி நிற்கிற பவளமல்லியைப் பார்த்தார். மாசி மாதத்துப் பவளமல்லி. இலை என்று சொல்ல உச்சியில் சுருண்டு தொங்குகிற ஒன்றிரண்டு. மீதியெல்லாம் நாலு பட்டை பிடித்த சதுரக் குச்சிகள், சிலவற்றின் நுனியில் தட்டையாகக் காய்ந்த காய்கள். திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சௌக்கியம் விசாரிக்கவில்லை. நேரே செடிக்குப் போனார். வலது கைக் கட்டைவிரலை நீட்டினார். ஓரம் மஞ்சளித்து, இடுக்கில் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து, பலாச்சுளை பிரிப்பதற்கென்றே வளர்த்துவிட்ட நகம். அடித்தண்டில் ஒரு முழ உயரத்திலிருந்து கீழ்நோக்கி ஓர் இழுப்பு. சாம்பல் நிறப் பட்டை சுருண்டு விழுந்தது. உள்ளே ஈரமாக ஒரு பச்சைக் கோடு.

"பச்சை இருக்குவே!" என்றார்.

அதன் பிறகுதான் லெட்டரை எடுத்தார். நீட்டுவதற்கு முன்னால், நகத்திடுக்கில் நின்ற பட்டைத்தூளை லெட்டரின் மஞ்சள் தடவிய மூலையில் துடைத்துக்கொண்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மொய் எழுத மனசில்லாமல் சண்டை பிடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் நகமும் எனக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் இலையில்லாத ஒரு செடி கண்ணில் பட்டால் போதும், கை தானாக நீளும். வீட்டுக்காரன் பத்து வருஷமாக அதை வளர்க்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றாது. கேட்டாலும் அவன் சொல்வதை நம்ப மாட்டீர்கள். "இல்ல அண்ணாச்சி, இது மாசி பங்குனியில இலை கொட்டும், சித்திரையில தளிர்க்கும்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நகம் பட்டையில் இறங்கியிருக்கும். காது ஒரு பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும், விரல் மறுபக்கம் விசாரணை நடத்திக்கொண்டிருக்கும்.

இலை உதிர்வது என்றால் என்னவென்று தெரியாத ஊரில் இது நடந்தால் பொறுத்துக்கொள்வேன். நம் ஜில்லாவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவதே இலை உதிர்க்கிற மரம்தான். தை பிறந்ததும் திருவட்டாறு, குலசேகரம் பக்கம் போய்ப் பாருங்கள். ரப்பர்க் காடு மொத்தமும் மொட்டையாக நிற்கும்; நடந்தால் கணுக்கால் வரைக்கும் சருகு. யாராவது "ஐயோ, பட்டுப்போச்சே" என்று அழுகிறார்களா? வங்கிக் கடன் வாங்கி ரப்பர் போட்டவன்கூட அந்த மாதத்தில் நிம்மதியாகத் தூங்குகிறான். புதுத் தளிர் வந்து முற்றுகிற வரைக்கும் பால் வெட்டுவதை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்கிறான். அப்படி ஓய்வு கொடுத்த கையோடு பஸ் ஏறி தோவாளைப் பக்கம் வந்து, என் வீட்டுப் பவளமல்லியைக் கீறுகிறான்.

கொன்றையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இலை உதிர்க்கிற ஜாதிதான். சித்திரை விசுவுக்குக் கணி வைக்க அதன் பூவைத் தேடி வேலி வேலியாக அலைகிறோம். ஒரு பயலும் அதைக் கீறுவதில்லை. சுசீந்திரத்தில் அதுதான் தலமரம். கொன்றையடிச் சன்னதி முன்னால் நின்று கட்டைவிரலை நீட்டிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று. அங்கே கைகள் இரண்டும் தாமாகக் கூப்பிக்கொள்கின்றன. ரப்பருக்குப் பணம் இருக்கிறது, கொன்றைக்குச் சாமி இருக்கிறது. பவளமல்லிக்கு நான் மட்டும்தான்.

சரி, கவாத்துக்கு வருகிறேன். பவளமல்லி புதுக்கொப்பின் நுனியில்தான் பூக்கும். பழைய கொப்பை அப்படியே விட்டால் செடி உயரமாகப் போகுமே தவிரப் பூ குறையும். ஆகவே பூ முடிந்து இலை கொட்டுகிற இந்தச் சமயத்தில், மெலிந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசுகிற கொப்பு எல்லாவற்றையும் பார்த்து...

பார்க்க விட்டால்தானே. போன வாரம் வெட்டோத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "பட்டுப்போனத வெட்டுதீரா? நல்ல காரியம், மூட்டோட எடுத்திரும்" என்றார். இல்லை, கவாத்து என்றேன். "உயிர் இருக்கா அதுல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அவர் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே நான் வெட்டோத்தியைத் திண்ணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அந்த நேரத்தில் என் கையில் அது இருந்தது யாருக்கும் நல்லதல்ல.

இத்தனை காலம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததில் கீறுகிறவர்களை எனக்கு வாசலிலேயே அடையாளம் தெரியும். பெரும்பாலானவர்கள் கட்டைவிரல் கட்சி. அத்தான் அதன் தலைவர். இவர்களால் பெரிய சேதம் கிடையாது. பட்டையின் மேல்தோல் போகும், பச்சையைப் பார்த்ததும் திருப்தியோடு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாயா கேட்பார்கள். ஆபத்து, பைக் சாவி வைத்திருக்கிற இளவட்டங்கள். சாவிக்குப் பட்டையின் கனம் தெரியாது. பச்சையைத் தாண்டி நேரே கட்டைக்குப் போய்விடும். அங்கே வெள்ளையாகத்தானே இருக்கும்? "பச்சையே இல்ல மாமா, பட்டுப்போச்சு" என்பான் பையன். பச்சையைக் கொன்று தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு பச்சை இல்லை என்கிறாயே மக்கா என்று சொன்னால் அவனுக்கு விளங்காது. இன்னோர் இடத்தில் கீறிப் பார்க்கட்டுமா என்று கேட்பான்.

எங்கள் சித்தப்பா கீறுவதில்லை, ஒடிப்பார். 'டக்'கென்று ஒடிந்தால் செத்தது, வளைந்தால் உயிருள்ளது. இதில் தப்பில்லை; எல்லாச் சுள்ளிக்கும் அதுதான் சட்டம். ஆனால் அவர் நுனியிலிருந்து ஆரம்பிப்பார். "இதுவரைக்கும் பட்டிருக்கு." டக். "இதுவரைக்கும் பட்டிருக்கு." டக். ஒவ்வொரு டக்குக்கும் நடுவில் என் முகத்தைப் பார்த்துக்கொள்வார், கெட்ட செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதாக நினைப்பு. கடைசியில் வளைகிற இடம் வருவதற்குள் கொப்பு தீர்ந்து அடித்தண்டுக்கு வந்துவிடுவார். ஒரு வருஷம் அவர் புண்ணியத்தில் நான் கவாத்தே செய்ய வேண்டியிருக்கவில்லை.

கடித்துப் பார்த்தவரும் உண்டு. தெரிசனங்கோப்பில் இருந்து வந்த ஒரு பாட்டா. பல் இரண்டோ மூன்றோதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஒரு சுள்ளியை மென்று, மேலே பார்த்து யோசித்து, "கைக்குது, உயிர் உண்டும்" என்றார். மற்றவர்களைவிட இவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். சோதனைக்காகத் தன் உடம்பையும் கொஞ்சம் பணயம் வைத்தாரே.

மோட்டார் பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பட்டையில் குத்தினார். குத்திவிட்டு, பழக்கதோஷம், டெஸ்டரின் பின்பக்கத்தில் விரலை வைத்து லைட் எரிகிறதா என்று பார்த்தார். எரியவில்லை. "சப்ளை இல்ல சாரே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் குத்தினது குத்தினதுதான், ஓட்டை இப்போதும் இருக்கிறது, எறும்பு போய் வந்துகொண்டிருக்கிறது.

கீரிப்பாறையில் பால் வெட்டுகிற ஒருவர், எங்கள் மைனி வழியில் சொந்தம். அவர் கீறியது தனிக்கதை. மற்றவர்கள் மேலிருந்து கீழே இழுப்பார்கள். இவர் மடக்குக் கத்தியை எடுத்து, இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்தி, அளந்தெடுத்த சரிவில், மாப்பிள்ளைத் தலைக்கு வகிடு எடுக்கிற நிதானத்தோடு ஒரு வெட்டுப் போட்டார். ரப்பருக்குப் போடுகிற அதே வெட்டு. போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பால் வடிவதற்காக நின்றிருக்கிறார். கை கற்றுக்கொண்டதை மனசு நிறுத்த முடியாது. சிரட்டை ஒன்று எடுத்துக்கொடுக்கலாமா என்று என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள்.

புருஷன் கீறினால் நம்பாத பெண்சாதிகள் தனி. அவர் ஒரு கீறல் போட்டு "பச்சை இருக்கு" என்பார். "நீங்க பாத்தது போதும்" என்று அந்த அம்மா அதற்குப் பக்கத்திலேயே ஒரு கீறல் போடுவாள். கூட வந்த பிள்ளை, அம்மையும் அப்பனும் செய்கிற விளையாட்டு என்று நினைத்து, தன் உயரத்துக்கு எட்டினமட்டும் ஒன்று. மூன்று தலைமுறைச் சொந்தங்கள் ஒன்றாக வந்தால் அடியிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் படிப்படியாக ஏறிக்கொண்டு போகும்.

இவர்களையெல்லாம்கூட மன்னிக்கலாம். பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒத்துக்கொள்ளாதவர்களை என்ன செய்வது? ஒருவர் கீறினார். பச்சையாக இருந்தது. குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பச்சை இருக்கு. ஆனா இது பழைய பச்சை" என்றார். பழைய பச்சை என்றால் என்னவென்று ராத்திரி முழுக்க யோசித்தேன். செத்த பிறகும் மரம் பழக்கத்துக்குக் கொஞ்ச நாள் பச்சையாக இருக்குமாம். அவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்வுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி எவரும் இவ்வளவு சந்தேகப்பட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே என் மருமகன் ஒருவன், துபாயில் இருக்கிறான். போன பங்குனியில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் செடி தெரிந்திருக்கிறது. "மாமா, பவளமல்லி பட்டுப்போச்சா?" இல்லை என்றேன். "கேமராவ மூட்டுப் பக்கம் காட்டுங்க." காட்டினேன். "நகத்தால ஒண்ணு கீறிக் காட்டுங்க மாமா." கடல் கடந்து போனவனுக்குக்கூட நகம் இங்கேதான் இருக்கிறது. சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் வெறும் எரிச்சல் இல்லை, இதில் தாவரவியல் இருக்கிறது. மரம் இலையில் சமைத்த சாப்பாடு வேருக்குப் போவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். பட்டையைச் சுற்றிவர ஒரு வளையமாக உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். காட்டில் வேண்டாத மரத்தை வெட்டாமல் கொல்வதற்கு அந்த வழிதான். என் பவளமல்லியில் கிழக்குப் பக்கம் அத்தான் வகைச் சொந்தம் கீறியிருக்கிறது. தெருவிலிருந்து வருகிறவர்கள் தெற்கே. மாடிப்படியில் இருந்து எட்டுகிறவர்கள் மேற்கே. வடக்கே மதில் இருப்பதால் மட்டும் இன்னும் வளையம் முடியவில்லை. அத்தானின் நேற்றைய இழுப்புக்குப் பிறகு டேப் எடுத்து அளந்தேன். கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவில் இரண்டு விரற்கடை நல்ல பட்டை மிச்சம். இன்னும் ஒரு கல்யாண சீசன் தாங்காது. பிறகு ஒரு நாள் செடி நிஜமாகவே பட்டுப்போகும். அன்றைக்கும் ஒருவர் வந்து கீறிவிட்டு, "நான் அப்பவே சொன்னேம்லா" என்பார்.

இலை ஏன் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தை மாசியில் வெயிலும் காற்றும் எப்படியென்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மண்ணில் ஈரம் இல்லை. இலை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் செடி, இலைக்காம்பு கொப்போடு சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய தடுப்பை வளர்த்து, இலையைக் கழற்றிவிட்டு, வாசலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். இதைவிட அறிவாகக் குடும்பம் நடத்த முடியுமா? நாம் என்ன செய்கிறோம்? இலை இல்லையே, தாகமாக இருக்குமே என்று குடம் குடமாக ஊற்றுகிறோம். இலையில்லாத செடிக்குத் தண்ணீர் செலவே கிடையாது. ஊற்றினது மூட்டில் தேங்கும், வேர் அழுகும். பவளமல்லி எதையும் தாங்கும், மூட்டில் தண்ணீர் நிற்பதை மட்டும் தாங்காது.

தண்ணீரோடு நின்றால் பரவாயில்லை. தேயிலைச் சக்கை, முட்டைத்தோடு, உள்ளித்தோல், பழத்தொலி, மீன் கழுவின தண்ணீர், உப்புப்போட்டு வடித்த கஞ்சி என்று வீட்டில் வேண்டாததெல்லாம் செடிக்கு மருந்து. கறிவேப்பிலைக்குச் சொல்லக் கேட்டதைப் பவளமல்லிக்கும் சொல்வார்கள். நான் ஒரு நாள் இல்லாதபோது ஒரு மூதாட்டி, யாரென்று சொல்ல மாட்டேன், வீட்டில் எனக்கு நிம்மதி வேண்டும், சாளை கழுவின தண்ணீரை மூட்டில் ஊற்றிவிட்டுப் போனார். அன்று ராத்திரி தெருவிலுள்ள பூனைகள் அத்தனையும் வந்து மூட்டைத் தோண்டின. அவையும் கீறித்தான் பார்த்தன.

இவ்வளவு பாடுபட்டு சித்திரையில் தளிர்த்துவிட்டால் நிம்மதியா என்றால் இல்லை. அப்புறம் இலைக்கு வருகிறார்கள். பவளமல்லி இலையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், மேல்பக்கம் உப்புத்தாள். மரச்சாமானுக்கு அதை வைத்து மெருகு போடுவதுண்டு. அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் மூட்டுவலி போகும் என்பதால், முழங்கால் உள்ள எல்லோரும் வருகிறார்கள். நம் ஊரில் முழங்கால் வலிக்காதவர் யார்? மாசியில் "இலையே இல்லையே" என்று இரங்கல் தெரிவித்துவிட்டுப் போனவர்களே ஆனியில் பை கொண்டுவந்து உருவுகிறார்கள். ஆடியில் செடி மறுபடி மொட்டை. மறுபடி ஒருவர் வந்து கீறுகிறார்.

தப்பிப் பிழைத்தால் பூ. ஆவணி புரட்டாசியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரைக்கும் அதன் காலம். இருட்டின பிறகு விரியும். வெள்ளை இதழ்கள் காற்றாடிபோலத் திருகி, நடுவில் பவளநிறக் காம்பு. விடிவதற்குள் உதிர்ந்துவிடும். காலை ஐந்தரைக்கு என் முற்றத்தைப் பார்த்தால் நீங்கள் பேச மாட்டீர்கள். ஆனால் நீங்கள் வருவது பத்து மணிக்கு. அதற்குள் வெயில் ஏறி, பூ சுருண்டு, வீட்டுக்காரி வாரியலால் கூட்டி ஓரத்தில் ஒதுக்கியிருப்பாள். வருகிறவர்கள் செடியை மேலும் கீழும் பார்த்து, "இலை நல்லா இருக்கு, ஆனா பூக்க மாட்டேங்குல்லா?" என்கிறார்கள். பூத்தது என்றால் "எங்க?" என்கிறார்கள். வாரியல் குவித்த சருகைக் காட்டினால், "ஓ" என்கிறார்கள். அந்த ஓவைக் கேட்டால் தெரியும். அதுவும் பழைய பச்சைதான்.

இத்தனைக்கும் இது பூவுக்கே பேர்போன தாலுகா. விடிவதற்கு முன்னால் தோவாளைச் சந்தையில் பிச்சியும் மல்லியும் அரளியும் சாக்குச் சாக்காக இறங்குகின்றன. ஓணம் என்றால் கேரளத்துக்காரன் வண்டியோடு வந்து நிற்கிறான். அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துக் கட்டுகிற தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அந்தச் சந்தையில் பவளமல்லிக்கு இடம் இல்லை. எடைபோட்டுத் தொடுத்து பஸ் ஏற்றுகிற வரைக்கும் இருக்காது. விலை இல்லாத பூ என்பதால்தான் விலை இல்லாத ஆலோசனை இவ்வளவு கிடைக்கிறதோ என்னவோ. மேற்கு வங்காளத்தில் இதே பூதான் மாநில மலர். அவர்களுக்கு இது விழ ஆரம்பித்தால் துர்க்கா பூஜை வருகிறதென்று அர்த்தம். அங்கேயும் சொந்தக்காரர்கள் கீறுவார்களா என்று விசாரிக்க ஆசை.

வெள்ளைக்காரர்கள் கீறியதாகத் தெரியவில்லை. கோவாவில் இருந்த போர்த்துக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-லேயே இந்த மரத்தைப் பற்றி எழுதிவிட்டார். இதன் காம்பைக் குங்குமப்பூவுக்குப் பதிலாகச் சாப்பாட்டில் நிறத்துக்குச் சேர்க்கிறார்கள் என்பதைக்கூடக் கவனித்திருக்கிறார். பிறகு கொச்சியில் இருந்த டச்சுக்காரர் வான் ரீட், 1678-இல் தொடங்கி பன்னிரண்டு பாகம் வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் இதைப் படமாகவே போட்டார். செடியைத் தொந்தரவு செய்யாமல் பார்த்து வரைந்துகொண்டு போன அந்தக் கூட்டத்தைத்தான் நாம் 1741-இல் குளச்சலில் அடித்து விரட்டினோம். வரலாற்றில் சில முடிவுகளை மறுபடி யோசிக்கலாம்.

அடுத்த வீட்டுப் பிரச்சினையைச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணன் இந்திரலோகத்திலிருந்து பாரிஜாதம் என்கிற இதே பவளமல்லியைக் கொண்டுவந்து சத்தியபாமா முற்றத்தில் நட்டான். பூவெல்லாம் ருக்மிணி முற்றத்தில் விழுந்தது என்று கதை. இது பக்திக் கதை என்று சொல்கிறார்கள். மதில் பக்கத்தில் செடி வளர்த்தவர்களுக்குத் தெரியும், இது முழுக்க முழுக்கத் தாலுகா ஆபீஸ் கதை. என் பூவும் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் விழுகிறது. தரையில் விழுந்ததைச் சாமிக்கு வைக்கலாம் என்று விதிவிலக்கு உள்ள பூ இது ஒன்றுதான் என்பார்கள். ஆகவே அடுத்த வீட்டில் வட்டிலோடு வந்து பொறுக்கி, பூஜை முடித்து, புண்ணியத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். மாசியில் சருகு விழுந்தால் மட்டும், "உங்க மரம்லா, நீங்க வந்து பெருக்குங்க" என்று மதிலுக்கு மேலே குரல் வருகிறது. ருக்மிணி சருகைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று எந்தப் புராணத்திலும் இல்லை. சொல்லியிருப்பாள். எழுதினவர்கள் விட்டிருப்பார்கள்.

நடுவில் கம்பளிப்பூச்சி வேறு. அது வந்தால் மட்டும் யாரும் செடிக்குப் பக்கத்தில் வருவதில்லை. அந்தச் சில வாரங்கள்தான் என் பவளமல்லிக்கு விடுமுறை. பூச்சிமருந்து அடிக்கச் சொல்கிறார்கள். நான் அடிப்பதில்லை. காவலுக்கு ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கோபம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது, தெரிகிறது. எனக்கும் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்து நாளாகிவிட்டது. காலையில் பேப்பர், அப்புறம் திண்ணை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "என்ன, ரொம்ப மெலிஞ்சிட்டியளே?" என்கிறார்கள். சுகர் இருக்கா, பிரஷர் பார்த்தீர்களா, நேரம் போகிறதா என்று ஒவ்வொரு கேள்வியாக இறங்கும். பதில் சொன்னால், "அப்படியா" என்று இன்னோர் இடத்தில் ஆரம்பிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றால் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு ஆள், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், மனசுக்கு ஒன்றும் இல்லாமல், வெறுமனே ஒரு பங்குனியை உட்கார்ந்து கழிக்கக் கூடாதா? இதை எழுதி முடித்ததும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அது வேறு விஷயம்.

கவாத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. மெலிந்த கொப்பு, உரசுகிற கொப்பு. அதை அடுத்த முறை வைத்துக்கொள்வோம். இப்போது அவசரம் வேறு. அத்தான் போனதும் ராத்திரியே ஒரு பலகைத்துண்டை எடுத்து, பெயிண்டால் பெரிய எழுத்தில், "உயிர் இருக்கிறது. கீறிப் பார்க்க வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது. செடியில் தொங்கவிடலாம் என்று போனேன். "ஆணி அடிக்கப் போறியளா?" என்று வீட்டுக்காரி உள்ளேயிருந்து கேட்டாள். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. கம்பியால் கட்டலாம் என்றால், கட்டின கம்பி தண்டு பருக்கப் பருக்க இறுகும். சொந்தக்காரர்கள் பாதியில் விட்ட வளையத்தை நானே முடித்துக்கொடுத்த மாதிரி ஆகும். மூட்டுப் பக்கத்தில் கம்பு நட்டு மாட்டலாம் என்றால் வேர் அறும். ஆகவே பெயிண்ட் காய்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று திண்ணையில் என் நாற்காலிமேல் சாய்த்து வைத்துவிட்டு, விடிந்ததும் பேப்பரோடு வந்து அதில் உட்கார்ந்தேன்.

பால் கொண்டுவருகிறவர் வந்தார். பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"யாரு சாரே சந்தேகப்பட்டது?" என்றார்.